சரக்கைப் பிடிக்கலாம், ஆளைப் பிடிக்க முடியாது

"ஏல, கையெழுத்துப் போட்டுட்டு இப்படி வந்து நின்னா கேஸ் போட்ருவாம்ல!" தூத்துக்குடியில் கிளியரிங் ஆபீஸ் வேலையை மூன்றாம் மாதமே விட்டுவிட்டு வீட்டில் வந்து உட்காரும் பையன் முதலில் கேட்பது இதைத்தான். சொல்பவர் பெரும்பாலும் தாய்மாமன். பி.காம். முடித்த கையோடு சேர்ந்த வேலை. கப்பலின் கட்-ஆஃப் நெருங்கிக்கொண்டிருக்கும், கன்டெய்னர் இன்னும் பைபாஸில் நிற்கும். ஷிப்பிங் பில்லில் ஒரு எண் தப்பாக ஏறியிருக்கும். இரவு ஒன்றரைக்கு ஏற்றுமதியாளர் திருப்பூரிலிருந்து போனில் கத்துவார். காலை ஒன்பதுக்கு மறுபடி ஆபீஸ். பையன் தூங்கிப் பல வாரம் ஆகியிருக்கும். அதைப் பற்றி மாமன் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நோட்டீஸ் பீரியடைத்தான் கேட்பார்.

நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் வருவது சட்டப்படி குற்றம், சோறு போட்டவனுக்குச் செய்யும் துரோகம், இனி எவனும் வேலை தரமாட்டான் என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். மாமனின் அக்கறையைச் சந்தேகிக்க வேண்டாம். வாதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கேஸ். ஒரு காலத்தில் இது உண்மையிலேயே குற்றம்தான். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராமல் நின்றால், மாஜிஸ்திரேட் அவனை வேலைக்குத் திரும்பச் சொல்லலாம், மறுத்தால் மூன்று மாதம்வரை சிறைக்கு அனுப்பலாம் என்றது 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம். மறுவருடம் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதற்கென்று 490, 492 என இரண்டு பிரிவுகள் இருந்தன. இவை எல்லாவற்றையும் 1925இல் வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது 491 மட்டும்: குழந்தை, மனநலம் குன்றியவர், நோயால் முடங்கியவர் என்று தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிக்க ஒப்புக்கொண்டவர், வேண்டுமென்றே கைவிட்டால் குற்றம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 357ஆம் பிரிவு. பக்கவாதத்தில் கிடக்கும் கிழவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள் சொல்லாமல் கிளம்பிப்போனால் போலீஸ் வரலாம். ஷிப்பிங் பில் போடுகிறவர் போனால் வராது.

வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று சிவில் நீதிமன்றமும் கட்டளையிட முடியாது. ஒருவரின் சொந்த உழைப்பையும் திறமையையும் சார்ந்த ஒப்பந்தத்தை வலுக்கட்டாயமாக நிறைவேற்றவைக்க 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் இடம் தரவில்லை. சில ஆபீஸ்களில் அசல் மார்க் ஷீட்டை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. துறைமுக ஊரில் இதற்குப் பதில் சொல்வது எளிது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, பாக்கி தீரும்வரை பிறர் பொருளைப் பிடித்துவைக்கும் பொது உரிமையை வங்கிக்காரர், முகவர், வக்கீல் என்று சிலருக்கு மட்டும் தருகிறது. அந்தச் சிலரில் சரக்குத்துறை நடத்துபவரும் உண்டு. ஆக, கட்டணம் கட்டாத முந்திரி மூட்டையைப் பிடித்துவைக்கலாம். பையனின் பிளஸ் டூ சான்றிதழ் எந்தக் கணக்கிலும் சரக்கில்லை.

பணம் வேறு விஷயம். இங்கே மாமன் பாதி சரி. நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. மீறினால் இழப்பீடு கேட்கலாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்ச ரூபாய் என்ற ஷரத்து செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாண்டில் எழுதியது எல்லாம் வெறும் மிரட்டல் என்று டீக்கடையில் சட்டம் பேசுகிறவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். ஆனால், அதில் பொதுத்துறை வங்கியின் ஆளெடுப்புச் செலவும் நடைமுறையும் கணக்கில் வந்தன; விலகியவர் மூத்த மேலாளர். மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் பையனிடம் ஐந்து லட்சம் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டால் அப்படியே கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை மேல்வரம்புதான்; அதற்குள் நியாயமானது எவ்வளவோ அவ்வளவே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்போ, ராஜினாமா செய்தவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலைநாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. "செட்டில்மென்ட் நாற்பத்தைந்து நாள் ஆகும்" என்று ஹெச்.ஆர். சொல்வது பழக்கம், சட்டமல்ல.

துரோகப் பேச்சுக்கு வருவோம். இரு தரப்புக்கும் பொதுவான மரியாதை என்றால்தான் துரோகம் என்ற சொல்லுக்கே இடம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 41ஆம் பிரிவைப் பாருங்கள்: தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத்தான் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுத்து அனுப்ப வேண்டும். ஆறு மாதம் ஆகாதவரை அந்தச் சட்டம் காப்பாற்றாது. தொழிற்சாலைகளுக்கு 1946இல் வந்த மாதிரி நிலையாணைகளும் அப்படித்தான். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை நீக்க நோட்டீஸ் தேவையில்லை என்று பச்சையாகவே எழுதியிருந்தது. மூன்றாம் மாதத்தில் முதலாளி "நாளையிலிருந்து வராதே" என்றால் அது நிர்வாக முடிவு. அதே மூன்றாம் மாதத்தில் பையன் "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்றால் மட்டும் நன்றிகெட்ட செயல்!

"முதல் வேலை அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. பலருக்கு நாலாவது மாதத்தில் பழகிவிடும். எல்லோருக்கும் பழகாது. 2024 ஜூலையில் புணேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பெண் இறந்தார். வேலைச்சுமைதான் மகளைக் கொன்றது என்று தாய் எழுதினார், நிறுவனம் மறுத்தது. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் போய், நெஞ்சு படபடத்து, டாக்டரிடம் போக வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளையிடம் இன்னும் அறுபது நாள் பார்த்துவிட்டு வா என்று சொல்லும் வீடு, அந்தத் தாயை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு சொல்லட்டும்.

எல்லாரும் இப்படிக் கிளம்பினால் தொழில் நடக்குமா என்ற கேள்விக்கு இந்தக் கடற்கரையே பதில் வைத்திருக்கிறது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி வந்து மந்திரம் சொல்லாமல் முத்துக்குளிக்கிறவர்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். ஆங்கில அரசுக்கு மந்திரத்தில் நம்பிக்கையில்லை. ஆனாலும் அவனுக்குக் கூலி கொடுத்து வைத்துக்கொண்டது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பேச்சைக் கேட்டு வெளியே வந்தார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் கூலியை உயர்த்தியது, வாரவிடுமுறைக்கும் ஒத்துக்கொண்டது. வேலைநிறுத்தமும் வேலையை விடுவதும் ஒன்றல்லதான். ஆனால், ஆள் திடீரென்று எழுந்து போனதால் தொழில் அழிந்துவிடவில்லை; சேர்ந்தவன் ஏன் நிற்கவில்லை என்று நிர்வாகம் யோசிக்க வேண்டிவந்தது.

கடைசியாக ரிலீவிங் லெட்டர். சட்டம், தர்மம் எல்லாவற்றையும்விடப் பையனைப் பயமுறுத்துவது இந்த ஒற்றைத் தாள்தான். பயம் நியாயமானது, தாளுக்குத்தான் நியாயமில்லை. இதே தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களுக்கும் இப்படி ஒரு தாள் இருந்தது. அதன் பெயர் துண்டு. இத்தனை ஆள், இவ்வளவு கடன், கட்டினால் விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கங்காணியிடம் கொடுப்பான். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடைக்காது. கடன் ஆளோடு சேர்ந்து கைமாறும். 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள். இன்றைய தாளில் கடன் தொகை இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது.

ஆனால், இதற்கு மாற்று உண்டு. நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, பி.எஃப். பதிவு ஆகியவையே வேலை பார்த்ததற்குச் சாட்சி. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்தபின் விலகிய தேதியை உறுப்பினரே பி.எஃப். தளத்தில் பதிந்துகொள்ளலாம், கம்பெனியின் தயவு வேண்டாம். அந்த மூன்று மாதத்தை அடுத்த இண்டர்வியூவில் மறைப்பதுதான் முட்டாள்தனம், பி.எஃப். கணக்கில் அது தெரியும். விலகும்போது காரணமும் தேதியும் எழுதி ஒரு மின்னஞ்சல், கையிலிருக்கும் ஃபைல்களின் நிலவரம், கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து. சொல்லாமல் கொள்ளாமல் போனை அணைத்துவிட்டு ஓடுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

நடுக்கடலில் ஆள் குறைந்தால் என்னாகும் என்று மாலுமிக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட தொழிலுக்கே, 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நோட்டீஸ் காலம் ஏழு நாளுக்குக் குறையக்கூடாது என்று மட்டும் சொல்கிறது. குடும்பத் துயரமோ வேறு அவசரமோ என்றால் குறைந்த நோட்டீஸிலோ நோட்டீஸே இல்லாமலோ அபராதமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் தேவையையும் அரசுகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. 2015 அக்டோபரில் இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திட்டது. வ.உ.சி. துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலின் மாலுமிக்கு அந்த வசதி உண்டு. அந்தக் கப்பலுக்குக் காகிதம் தயார் செய்யும் பையனின் நோட்டீஸ் காலத்துக்கு, 2025இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஒரு மேல்வரம்பு வைக்கவில்லை.