அட்டவணையில் ஒரு காலி இடம்

சைதாப்பேட்டைவாசிகளுக்குக் காலத்தின் அருமையைப் போதித்தவர்கள் எங்களைப் போன்ற வாத்தியார்கள் அல்லர், ரயில்காரர்கள்தாம். 1931-ம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் இவ்வூர் உத்தியோகஸ்தர் வீடுகளில் ரசம் கொதிப்பதுகூட வண்டி நேரத்தை அனுசரித்தே என்று சொல்லலாம். இத்தனைக்கும் 1856-ல் தோன்றிய ஆசிரியர் கல்லூரி இருப்பதும் இங்கேதான். பாடத்தை நிமிஷக் கணக்கில் பங்கிட்டுக் குறிப்பெழுதும் வித்தையை அங்கே பயில்கிறார்கள்.

அந்த வித்தையில் நானும் தேர்ந்தவன் என்றே எண்ணியிருந்தேன். காலை முதல் மாலை வரை எனக்கு ஓர் அட்டவணை உண்டு. ஓய்வு வேளை என்று பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பீரியடுகளிலும் நோட்டுத் திருத்துதல், வினாத்தாள் தயாரித்தல், மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்புதல் என்று கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருந்தேன். யாராவது ஓர் ஆசிரியர் லீவு போட்டால் போதும். அவருடைய வகுப்பு என் தலையில் விழும். பிறகு நாள் முழுவதும் ஓட்டந்தான். அட்டவணையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லீவு போட்டவரைத்தான் குறை சொன்னேன்.

சென்ற வருஷம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கில் சந்தேகம் கேட்க வந்தான். "அப்புறம் வா" என்றேன். மறுநாளும் வந்தான், அதே பதில். மூன்றாம் நாளும் அப்படியே. ஒரு வாரம் கழித்து, நோட்டுகளெல்லாம் திருத்தி முடிந்த பெருமிதத்தோடு, நானே அவனைக் கூப்பிட்டு, "என்னப்பா உன் சந்தேகம்?" என்று விசாரித்தேன். "இப்போ ஒண்ணும் இல்லை, ஸார்" என்றான். அவனுக்குச் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. கேட்கும் ஆசைதான் தீர்ந்துவிட்டது. பரீட்சைத் தாளில் அது தெரிந்தது.

ரயில்காரர்களிடம் நான் பாடம் கேட்டது அதற்குப் பிற்பாடுதான். நெடுந்தூர வண்டிகளின் கால அட்டவணையைக் கவனித்திருக்கிறீர்களா? சென்ட்ரலிலிருந்து புறப்படும்போது பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கடக்கும் தூரத்துக்கு, திரும்பி வரும்போது அதைவிட அதிக நேரம் குறித்திருப்பார்கள். வண்டிக்கு வயதாகிவிடவில்லை! வழியில் தண்டவாள வேலை நடக்கலாம், கைகாட்டி விழாமல் நிற்க நேரலாம் என்று எதிர்பார்த்து, உபரி நிமிஷங்களை முன்கூட்டியே சேர்த்து வைக்கிறார்கள். தாமதம் வரும் என்று ஒப்புக்கொண்டு போட்ட அட்டவணை அது. என்னுடையதோ, உலகத்தில் ஒருவரும் லீவு போடமாட்டார்கள், ஒரு பையனுக்கும் சந்தேகம் வராது என்று நம்பிப் போட்டது.

இதை வீட்டில் பிரஸ்தாபித்தபோது என் மனைவி சிரித்தாள். "காஸ் சிலிண்டர் எப்போ வரும், விருந்தாளி எப்போ வருவார் என்று தெரியாமல்தானே நாங்கள் சமையலை முடிக்கிறோம்? இதற்கு ரயில்வேக்குப் போவானேன்?" என்றாள். வாஸ்தவந்தான்.

இவ்வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிஷத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நோட்டுகளை அந்த நேரத்தில் தொடுவதில்லை. நாற்பத்தெட்டு நோட்டுகளை ஒரே மூச்சில் முடிப்பதற்குப் பதில், தினம் பன்னிரண்டாக நாலு நாளில் திருத்துகிறேன். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. கை சும்மா இருக்க மறுத்து, இரண்டு தடவை சிவப்புப் பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு பையன் வந்தான். கணக்குக் கேட்கவல்ல, பஸ் பாஸ் தொலைந்துவிட்டதாம், வீட்டில் சொல்லப் பயமாயிருக்கிறதாம். இருபது நிமிஷமும் அதற்கே சரியாய்ப் போயிற்று.