பெரியாஸ்பத்திரியில் நமக்கும் பங்கு உண்டு

மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்துச் சேரிகளிலும் காலனிகளிலும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல் ‘ரெஃபர்’. தலையில் பலத்த அடி, சிக்கலான பிரசவம், பாம்புக்கடி முற்றிய நிலை என்றால் தாலுகா மருத்துவமனையில் சீட்டு எழுதி, 108-இல் ஏற்றி, சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதைத்தான் நம் சனங்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்கிறார்கள். இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடம் என்பதால், அங்கே போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. அந்த எண்ணம் தவறு. அந்த மருத்துவமனையும் கல்லூரியும் நம்மால்தான் நடக்கின்றன.

கோவை மருத்துவக் கல்லூரி 1966-இல் தொடங்கப்பட்டது. கல்லூரி வளாகம் பீளமேட்டில் அவினாசி சாலையில் இருக்கிறது. மருத்துவமனையோ நகருக்குள் திருச்சி சாலையில். மாணவர்கள் பாடத்தை அங்கே படிக்கலாம். வைத்தியத்தை இங்கே, நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் கற்க முடியும். இது வெறும் பேச்சல்ல, விதியே இதுதான். 100 எம்.பி.பி.எஸ். இடங்கள் வேண்டுமென்றால் 420 படுக்கைகள் வேண்டும், 200 இடங்களுக்கு 800 வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறை. படுக்கைகள் இருந்தால் மட்டும் போதாது. அவற்றில் 80 சதவீதம் நிரம்பியிருக்கவும் வேண்டும். படுக்கையில் நோயாளி இல்லாவிட்டால் வகுப்பறையில் மாணவர் இல்லை.

அரசு மருத்துவமனையின் படுக்கைகளை நிரப்புவது யார்? வசதி உள்ளவர்கள் அவினாசி சாலைத் தனியார் மருத்துவமனைகளுக்குப் போய்விடுகிறார்கள். மில் கூலி, தோட்டக் கூலி, துப்புரவுப் பணி செய்கிறவர்கள்தான் அரசு வார்டில் படுக்கிறார்கள். எதிர்கால மருத்துவர் முதன்முதலாக நாடி பார்ப்பதும், ஊசி போடுவதும், பிரசவம் பார்ப்பதும் நம்மவர் உடம்பில்தான். முதலாண்டு உடற்கூறியல் மேசைக்கு உரிமை கோரப்படாத உடல்களைக் கொடுக்கச் சட்டமே இருக்கிறது. அப்படி யாரும் கேட்க வராத உடல்கள் எந்த வீட்டு உடல்கள் என்று விளக்கத் தேவையில்லை.

விரும்பிக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். தீண்டாமைச் சுவர் என்று சொல்லி, நீதி கேட்டு அரசு மருத்துவமனை முன்பு திரண்டவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. அந்தத் துயரத்துக்கு நடுவிலும், மகளையும் மகனையும் ஒருசேரப் பறிகொடுத்த ஒரு தந்தை, தேநீர்க் கடைத் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளின் கண்களையும் தானமாகக் கொடுத்தார். சமூகத்திடமிருந்து சுவரைப் பெற்றவர்கள் அதே சமூகத்துக்குப் பார்வையைக் கொடுத்தார்கள்.

இவ்வளவு கொடுக்கும் நமக்கு அந்தக் கல்லூரியில் எத்தனை நாற்காலி? தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். அந்த 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் 2009-இல்தான் கிடைத்தது. பட்டியல் சாதிக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2024 ஆகஸ்ட் 1-இல். பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் கனவு பறிபோன அரியலூர் அனிதாவை 2017-இல் இழந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஒவ்வொன்றும் போராடிப் பெற்றது. ஆனாலும் ‘கோட்டா டாக்டர்’ என்ற ஏளனம் நிற்கவில்லை. நம் உடம்பில் கற்றுக்கொள்ளும்போது சாதி பார்க்காதவர்கள், நம் பிள்ளை பக்கத்தில் உட்காரும்போது மட்டும் பார்ப்பது என்ன நியாயம்?

வளாக வசதி என்றால் கட்டடமும் ஆய்வகமும் மட்டுமல்ல. விடுதியும் உணவுக்கூடமும் சேர்ந்ததுதான். டெல்லி எய்ம்ஸ் குறித்து விசாரித்த தோரட் குழு 2007-இல் தந்த அறிக்கையில், தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்கிப் போகும்படி நெருக்கப்பட்டதைப் பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தாட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். சீனியர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். சேர்க்கையோடு சமூகநீதி முடிவதில்லை. பட்டம் வாங்கி வெளியே வரும்வரை அது கூட வர வேண்டும்.

இனி அதே வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் நம் அக்கா, அண்ணன்களைப் பற்றிப் பேச வேண்டும். அரசு மருத்துவமனைகளில் துப்புரவுப் பணி இப்போது ஒப்பந்த நிறுவனங்கள் கையில். இதில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. கோவை சிங்காநல்லூரில் 2016-இல் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியில், காப்பீடு செய்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவரிடம் 0.75 சதவீதமும், நிறுவனத்திடம் 3.25 சதவீதமும் ஈ.எஸ்.ஐ.க்குப் போக வேண்டும். நிறுவனம் அதை ஒழுங்காகக் கட்டாவிட்டால் அம்மாவின் வைத்தியத்துக்கு மட்டுமல்ல, மகளின் மருத்துவப் படிப்புக்கும் ஆபத்து. ஆகவே சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும். உழைப்பவர் பங்களித்த நிறுவனத்தில் அவர் பிள்ளைக்கு இடம் என்ற நியாயம் அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. நாம் கேட்பதும் அதே நியாயத்தைத்தான்.

உடனே செய்யக் கூடியவை சில இருக்கின்றன. முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்பது விதி. 50 படுக்கை உள்ள மருத்துவமனைக்கே அனுப்பலாம் என்று 2023-இல் அது தளர்த்தப்பட்டது. மேட்டுப்பாளையத்துக்கு அவர்களைத் தொடர்ந்து அனுப்பினால் ‘ரெஃபர்’ சீட்டுகள் குறையும். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களின் உடல்நலத்தைக் கவனிக்கவும் ஏற்பாடு இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் ஊருக்குள் மட்டும் இருந்தால் போதாது, காலனியிலும் இருக்க வேண்டும். எந்தெந்தக் கிராமம், அதில் எத்தனை காலனி வீடுகள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். நமக்கு மேலே உதகையில், 2025 ஏப்ரலில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பழங்குடியினருக்கென்றே 50 படுக்கைகள் கொண்ட வார்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பாட்டியைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், அவரைச் சுற்றி நின்று குறிப்பெடுக்கும் வெள்ளைக் கோட்டுகளைத் தலைநிமிர்ந்து பாருங்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துவது உங்கள் பாட்டிதான். அந்தக் கோட்டில் ஒன்று உங்களுக்குரியது. அதைக் கேட்டு வாங்கப் படியுங்கள்.