முட்டி வீக்கத்துக்குக் கட்டுப் போடும் முன் ஒரு எக்ஸ்ரே

"சின்னப் பசங்களுக்கெல்லாம் கேன்சர் வருமா சார்?" கள்ளக்குறிச்சி பக்கம் ஓபி பார்க்கிற எந்த டாக்டரும் கேட்டிருக்கும் கேள்வி இது.

வரும். வயசானவங்களைவிட ரொம்பக் குறைவு, அவ்வளவுதான். 15-லிருந்து 39 வயசு வரைக்கும் வர்ற புற்றுநோயை மருத்துவத்தில் தனிப் பிரிவாவே பார்க்கிறாங்க. ரத்தப் புற்று, லிம்போமா, எலும்பு, விரை, தைராய்டு. முப்பதை நெருங்கினா பெண்களுக்கு மார்பகமும் கருப்பைவாயும்.

வயித்தெரிச்சல் என்னன்னா, இதில் பலதும் குணமாகக்கூடியவை. ஹாட்ஜ்கின் லிம்போமாவும் விரைப் புற்றும் பரவின பிறகுகூடப் பெரும்பாலும் குணமாகும். ஆனா பையன் விரையில் வலியில்லாத கட்டியை வெக்கப்பட்டு மாசக்கணக்கில் மறைப்பான். கழுத்தில் நெறி கட்டினா, சதைப் பரிசோதனை இல்லாமலே டிபி மாத்திரை ஆரம்பிச்சிடும்.

முட்டி வீங்கினா கபடியில பட்ட அடி! ஆஸ்டியோசார்கோமாங்கிற எலும்புப் புற்று வளர்ற வயசில், முழங்காலை ஒட்டித்தான் அதிகம் வரும். ராத்திரியில வலி கூடும். அதை நீவி விட்டு, இறுக்கிக் கட்டுப் போட்டு, ரெண்டு மூணு மாசம் போயிடும். கட்டுப் போடுறவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, மலையில் கூப்பிட்ட உடனே வர்றவர் அவர்தான். நான் கேட்கிறது, கட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு எக்ஸ்ரே. நுரையீரலுக்குப் பரவுறதுக்குள்ள வந்தா கீமோவும் ஆபரேஷனும் செஞ்சு, பலருக்குக் காலையே காப்பாத்திடலாம்.

கண்டுபிடிச்ச பிறகு இன்னொரு மலை ஏறணும். வெள்ளிமலையிலிருந்து ஜிப்மரோ, காஞ்சிபுரம் காரப்பேட்டையோ, அடையாறோ, எல்லாமே தூரம். முதல்வர் காப்பீட்டு அட்டையில் வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை பார்க்கலாம், சரி. கூட வர்ற அப்பாவோட கூலி? பஸ் காசு? மாசக்கணக்கா தங்க இடம்? பல வீட்டில் நோயாளியே சம்பாதிக்கிற ஆள். ரெண்டு கீமோ முடிஞ்சதும் கட்டி சுருங்கும், உடம்பு தேறும், "நல்லாயிடுச்சு"ன்னு எஸ்டேட் வேலைக்குக் கிளம்பிடுவாங்க. திரும்பி வரும்போது பழைய மருந்து கேட்காமப் போகலாம்.

சீட்டு எழுதி "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு அனுப்புறதோட நம்ம வேலை முடிஞ்சிடக் கூடாது. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே போகுது. அதே பணியாளர் கையில், அவங்க கிராமத்தில் கீமோவில் இருக்கிற இளசுகளோட அடுத்த தேதியும் இருக்கணும். தேதி தவறினா மறுநாளே அந்த வீட்டுக் கதவைத் தட்டணும். இதுக்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும், ஒரு போனும், தங்கப் போக வர ஆகுற காசும் போதும்.