கசப்பு எண்ணை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ராபிட்ஸ் நகரின் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் தயாரிக்கும் பியர் 'ஆல் டே ஐ.பி.ஏ.' அதில் ஆல்கஹால் 4.7 சதவீதம்தான், வழக்கமான அமெரிக்க ஐ.பி.ஏ.க்களில் ('இந்தியா பேல் ஏல்' வகை பியர்களில்) 6, 7 சதவீதம் இருக்கும். போதை குறைவு, ஆனால் ஹாப்ஸ் என்னும் பூ தரும் மணத்துக்குக் குறைவில்லை. 'செஷன் ஐ.பி.ஏ.' எனப்படும் இந்த வகையை எடைபோட, பலரும் முதலில் தேடுவது ஐ.பி.யு. என்னும் கசப்பு எண்ணை.

அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஒரு லிட்டரில் ஐசோ-ஆல்ஃபா அமிலம் என்னும் கசப்புப் பொருள் ஒரு மில்லிகிராம் இருந்தால் கசப்பு ஏறத்தாழ 1 ஐ.பி.யு. 'ஆல் டே'யில் அது 42. மால்ட் (முளைகட்டிய தானியம்) நிறைந்த கனமான பியரில் இதே 42, இனிப்புக்குள் அடங்கிவிடும். மெலிந்த பியரில் நாக்கின் ஓரங்களைப் பிடித்துக்கொள்ளும்.

போட்டி நடுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் அமெரிக்க அமைப்பான பி.ஜே.சி.பி.யின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. சுவைக்கு 20, மணத்துக்கு 12, வாயில் உணரும் தன்மைக்கு 5, தோற்றத்துக்கு 3, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. கசப்பு எண்ணுக்கெனத் தனி மதிப்பெண் இல்லை. மணத்தை எடைபோட, கோப்பையில் ஊற்றியதும், நுரை அடங்குமுன் முகர்ந்துவிட வேண்டும்.

1972இல் வெளியான காஸ்கேட் ஹாப்ஸ் ரகத்தையும், 1980இல் தொடங்கிய சியரா நெவாடா நிறுவனத்தின் பேல் ஏலையும் பற்றிப் பேச வைத்தது கிரேப்ஃப்ரூட்டையும் பைன் மரத்தையும் நினைவூட்டும் மணம்தான். பியர் தயாரிப்பில் கொதிக்கவைக்கும்போது, அந்த மணத்தைத் தரும் ஹாப்ஸ் எண்ணெய்கள் ஆவியாகிவிடும். அதனால்தான் நொதித்தலின் போதோ அது முடிந்த பிறகோ மீண்டும் ஹாப்ஸ் சேர்க்கிறார்கள். இதுவே 'டிரை ஹாப்பிங்'.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த மணத்தைக் காற்றும் வெப்பமும் சில மாதங்களில் தின்றுவிடுகின்றன. பழ வாசனை போய் ஈர அட்டையின் வாடை வருகிறது. தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் வெயில் பட்டால் கெடுவதற்கு நிமிடங்களே போதும். பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும். கனத்த ஸ்டவுட்டில் சிறு குறைகளை மால்ட்டும் ஆல்கஹாலும் மறைக்கும். லேசான பியருக்கு அந்தப் போர்வை கிடையாது.

கலிஃபோர்னியாவின் ஸ்டோன் நிறுவனம், குடித்துவிட வேண்டிய தேதியையே பெயராக்கி 'என்ஜாய் பை' ஐ.பி.ஏ.வை விற்றது. எல்லாத் தயாரிப்பாளர்களும் பெயரில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அடைத்த தேதியைச் சங்கேத எண்ணாக அடியில் ஒளிக்காமல், ஐ.பி.யு.வை அச்சிடும் அதே பெரிய எழுத்தில் முகப்பில் அச்சிடட்டும். கடைக்காரர்களும் இந்தப் பியரை வெளித்தட்டில் அடுக்காமல் குளிர்பெட்டியில் வைக்கட்டும்.