கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதாது

கேள்வி: எங்கள் கிணற்றில் 5 ஹெச்.பி. டீசல் இன்ஜின், தண்ணீரால் குளிரும் வகை. ஆறு மாதத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கட் மாற்றியும், வெளியேறும் தண்ணீரில் குமிழி வருகிறது. புது ஹெட் போடச் சொல்கிறார்கள். நிலக்கடலை பூவெடுத்து நிற்கிறது. நாமே கழற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், கொடும்பாளூர்

பதில்: பார்க்கலாம். ஆனால் முதலில் பயிர். பூக்கும்போதும் விழுது இறங்கும்போதும் மண் காய்ந்து இறுகினால் விழுது உள்ளே போகாது. பக்கத்துத் தோட்டத்து இன்ஜினை வாடகைக்கு வாங்கியாவது ஒரு தண்ணீர் கட்டிவிடுங்கள். அவசரத்தில் ஹெட்டில் கை வைக்க வேண்டாம்.

கிர்லோஸ்கர் ஏவி1 போன்ற இன்ஜினில் காற்று 16.5-ல் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. அந்த அழுத்தத்துக்கு மயிரிழைச் சந்து போதும், புகை தண்ணீர் அறைக்குள் புகுந்து குமிழியாக வரும். ஹெட் வளைந்திருந்தால் எத்தனை கேஸ்கட் போட்டாலும் ஊதிக்கொண்டுதான் போகும்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். டீசலை அடைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, இன்ஜெக்டர் குழாயைக் கழற்றி வாயைச் சுத்தமான துணியால் கட்டுங்கள். புஷ்ராடுகளை எடுக்கும்போதே எது எந்த வால்வுக்கு என்று குறித்து வையுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டால் மரச்சுத்தியால் தட்டுங்கள். உளியை விட்டு நெம்பினால் அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி.

பழைய கேஸ்கட்டை எறியாதீர்கள். கறுப்புத் தடம் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறதோ, கோளாறு அங்கேதான். ஹெட்டைத் துடைத்து, நேரான ஸ்டீல் பட்டையை நீளம், அகலம், மூலைக்கு மூலை என வைத்து, அடியில் பீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். எவ்வளவு வரை பரவாயில்லை என்பது கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். லைனரின் மேல் விளிம்பையும் விடாதீர்கள். பலர் ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

வெடிப்பு பெரும்பாலும் இரண்டு வால்வுக்கும் நடுவில் வரும். மண்ணெண்ணெய் தடவி, சற்று விட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவுங்கள். வெடிப்பு இருந்தால் ஈரக்கோடு தெரியும். வெடித்த ஹெட்டை வெல்டிங் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, மாற்றுவதே மேல். வளைவுதான் என்றால் லேத்தில் சீவலாம். ஆனால் மிகக் குறைந்த அளவே சீவச் சொல்லுங்கள். அதிகம் போனால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

தண்ணீர் அறையில் உப்புப் படிந்து வழி அடைத்திருக்கிறதா? நம் கிணற்றுத் தண்ணீருக்கு அதுதான் பழைய சீக்கு. சூடேறிய இன்ஜின்மேல் குடம் தண்ணீரைக் கொட்டும் பழக்கமும் ஹெட்டை வெடிக்க வைக்கும்.

மாட்டும்போது புது கேஸ்கட். நட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றாக முறுக்கி, முறுக்கு அளவும் டேப்பட் இடைவெளியும் புத்தகப்படி வையுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் கையால் இரண்டு சுற்று சுற்றி இடிக்கிறதா பாருங்கள். இன்ஜெக்டர் பீய்ச்சும் இடத்தில் கையைக் காட்டாதீர்கள், டீசல் தோலைத் துளைத்துவிடும். ஆயில் குச்சியில் பால் கலந்ததுபோல் இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. சிறிது நேரம் ஓட்டி, ஆறிய பிறகு புத்தகம் சொல்கிறபடி நட்டுகளையும் டேப்பட்டையும் மறுபடி சரிபாருங்கள்.