காவலரின் தயக்கம்

ஒருவனைக் கள்வனென ஐயுறுதற்கு அவன் செயல் காரணமாதல் வேண்டுமேயன்றி, அவன் பிறப்பும் நிறமும் காரணமாதல் ஆகா. யாவரும் உடன்படும் இந்நீதியே, பெருநகர் ஒன்றில் அச்சம் மிகும்போது முதலிற் கைவிடப்படுகின்றது. நியூயோர்க் மாநகர் இதற்குச் சான்று.

2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அந்நகரப் பொலிசார் வீதியிற் சென்றோரை 44 இலட்சத்துக்கும் அதிகமான தடவைகள் மறித்தனர். மறிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 52 பேர் கறுப்பினத்தவர். நகர மக்களிலோ அவ்வினத்தவர் நூற்றுக்கு 23 பேரே. நூற்றுக்கு 88 தடவைகளில் மேல்நடவடிக்கை யாதும் எடுக்கப்படவில்லை. மறித்தமைக்குக் காரணமாகப் படிவத்திற் பலகாலும் குறிக்கப்பட்டது 'கள்ளத்தனமான அசைவு' என்பதாம்.

இதனை அறியுந்தோறும் சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையே என் நினைவுக்கு வருகின்றது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று எனத் தயங்கினர். பொற்கொல்லனோ கள்வர்தம் தந்திரங்களை அடுக்கியுரைத்து அத்தயக்கத்தைப் போக்கினான். கள்வனென முன்னரே துணிந்துவிடின், ஒருவனது அமைதியும் கள்ளமாகவே தோன்றுமன்றோ!

இம்முறை உயிர்காப்பது என நகர ஆட்சியினர் வாதித்தனர். அவ்வாதம் எளிதில் ஒதுக்கற்பாலதன்று. அந்நகரிற் கொலையுண்டோருள்ளும் கறுப்பினத்தவர் மிகப் பலர். ஆயினும், இது நடத்தப்பட்ட முறை அரசியலமைப்புக்கு மாறானதென 2013 ஓகஸ்ட் மாதத்தில் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார். 2011இல் 685,000க்கு மேற்பட்டிருந்த மறிப்புகள், தீர்ப்புக்கு முன்னரே குறையத் தொடங்கி, 2017இல் 12,000க்கும் குறைந்தன. கொலைகள் பெருகினவா? 2011இல் 500க்கு மேற்பட்டிருந்தவை 2017இல் 300க்கும் குறைந்தன. 2020இல் அவை மீண்டும் மிகுந்தன என்பது மெய்யே; எனினும் அவ்வாண்டில் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் அவ்வாறே நிகழ்ந்தது. மறித்தலை விட்டால் நகர் அழியும் என்ற கூற்று நிலைபெறவில்லை.

மேலும், கொலைஞன் யாரென அறிந்தோர் அவ்வீதி மக்களே. காரணமின்றிச் சுவரோரம் நிறுத்திச் சோதிக்கப்பட்ட இளைஞன், நாளை சாட்சி கூற முன்வருவானா?

கோவலன் கதையைக் கற்பிக்கும் நாம் பாண்டியன் பிழையையே விரித்துரைக்கின்றோம். காவலர் தயங்கிய இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றோம். அவ்விடத்திற் சற்றே நின்று கற்பித்தல் வேண்டும் என்பது என் கருத்து. அத்தயக்கம் நீடித்திருப்பின் ஓர் உயிர் தப்பியிருக்கும். அதனைக் காவலரின் மனப்போக்குக்கு விடாது சட்டத்தின் கட்டளையாக்குவதே குடியியல் உரிமை.