பவளப்பாறைகளின் அழிவும் நம் கைகளின் பொறுப்பும்



கடல் சூடாகிறது, பவளப்பாறைகள் மடிகின்றன என்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே ஒரு பதில் தயாராக இருக்கிறது: "எல்லாம் கியாமத்தின் அடையாளம், நாம் என்ன செய்ய முடியும்?" கேட்பதற்கு ஈமானின் சொல்லாகத் தோன்றினாலும், இது பொறுப்பிலிருந்து நழுவும் சொல்லாகவே எனக்குப் படுகிறது.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டுமிடத்தில் முத்தோடு 'மர்ஜான்' என்பதையும் குறிப்பிடுகிறான். அதற்குப் பவளம் என்று பொருள் கொண்ட விரிவுரையாளர்கள் பலர். நகையில் பதிக்கும் செம்பவளமும் பாறை கட்டும் பவளமும் உறவுடைய உயிர்களே.

பவளப்பாறை வெறும் கல் அன்று. மிகச் சிறிய உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய மாளிகை அது. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியால் உணவு ஆக்கிப் பவளத்திற்கும் தருகிறது. பவளம் அதற்குத் தங்குமிடம் தருகிறது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் 1 டிகிரி செல்சியஸ் அளவு கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே இவ்வுறவு முறிகிறது. பாசி வெளியேற, பவளம் நிறமிழந்து பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும்; இல்லையேல் மடியும். கடல் தரையில் 1 சதவீதத்திற்கும் குறைவான இடத்திலுள்ள இப்பாறைகளை நம்பிக் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்பங்கு வாழ்கின்றன.

இது தூரத்துச் செய்தியும் அன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்து இப்பாறைகள் உள்ளன. கீழக்கரையும் ஏர்வாடியும் இக்கரையில் உள்ள ஊர்களே. இங்கே பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளக்கல் வெட்டப்பட்டது. அலையைத் தடுத்த அரண் போனதால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. பின்னர் 2016ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தில், உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்தனர்.

தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டிற்கு மனிதக் கைகளின் செயலே காரணம் என்று அர்ரூம் அத்தியாயம் கற்பிக்கிறது. மனிதர் திருந்தி மீள்வதற்காகவே அதன் விளைவைச் சுவைக்கச் செய்வதாகவும் அது உணர்த்துகிறது. அப்படியிருக்க, நம் கைகளின் வினையைக் காலத்தின் மீது சுமத்தலாமா? எந்தக் கை, எப்படிக் கெடுத்தது என்பதைக் காட்டும் பணியையே இன்று ஆய்வாளர்கள் செய்கிறார்கள்.

கியாமத் நெருங்கும் வேளையிலும் கையில் மரக்கன்று இருந்தால் அதை நட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வளர்த்து வருகின்றனர். அதுவும் நடுகை தானே?

நடுகை மட்டும் போதாது என்பதும் உண்மை. புவியின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி உயர்ந்தால் வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் அழியும். 2 டிகிரியானால் ஏறக்குறைய முழுவதும் அழியும் என ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழு 2018இல் எச்சரித்தது. அந்த வெப்பத்தில் செல்வ நாடுகளின் பங்கு பெரிது. வலைவீசிப் பிழைக்கும் எளியவரின் பங்கு மிகச் சிறிது. ஆயினும் பிறர் குற்றம் பெரிது என்பதால் நம் கடமை நீங்கிவிடாது.

கடலோர ஜமாஅத்துகள் தம் ஊரின் கழிவுநீர் கடலில் கலப்பதைத் தடுக்க முன்னின்று குரல் கொடுக்கலாம். அறுந்த வலைகளைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவரும் வழக்கத்தை மீனவச் சகோதரர்கள் உண்டாக்கலாம். 2001 முதல் சட்டத்தால் காக்கப்படும் பாறைப் பவளங்களை அலங்காரத்திற்கென யாரும் வாங்காதிருக்கலாம். மதரஸாக்களில் 'மர்ஜான்' என்ற சொல்லை மனனம் செய்விக்கும் நாம், அது எவ்வாறு உயிர் வாழ்கிறது, எதனால் மடிகிறது என்பதையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

கடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதைப் பேணி ஒப்படைப்போராக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.